பணி எண் மூன்று

வாலெ த உர்ஸ் தீயணைப்பு நிலையத்தின் மாடியில்
காபி எந்திரத்துக்கும் கால்பந்துக் கோப்பைகளுக்கும் நடுவே
எனக்கொரு மேசை போட்டுத் தந்தார்கள்.
ஒரு டேப்லெட். ஒரு நிறுத்துக்கடிகாரம்.
உதவக் கூடாது என்றொரு விதி.

பெல்மிரு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் லாரி ஓட்டுபவர்,
பதினேழு கோடைகள் தீக்குள் போய்த் திரும்பியவர்.
"மனதில் தோன்றுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்."
"தீயணைக்கவே சம்பளம் இல்லை எங்களுக்கு,
இதில் சத்தம் வேறயா?"

பணி எண் மூன்று:
தீப்புள்ளிக்கு மிக அருகிலுள்ள நீர்த்தொட்டியைக் கண்டுபிடிக்கவும்.

விரலை வைத்தார்.
வரைபடம் நழுவியது, கழுவிய மீன்போல.
கூட்டல் குறியைத் தொட்டால்
அடுத்திருந்த குறி திறந்துகொண்டது,
ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்று சாய்சதுரங்கள்.
"இதென்ன, மடித்துவைத்த போர்வையா?"
நான் வாய் திறக்கவில்லை.
வாய் திறக்காமல் இருக்கத்தான்
லிஸ்பனிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.

போர்வைக்குள் நாற்பத்தொரு அடுக்குகள்:
மண்வகை, சரிவு, நிலப்பயன்பாடு,
நிலப்பயன்பாடு திருத்தியது,
நிலப்பயன்பாடு திருத்தியது இறுதி,
இறுதிக்குப் பிறகும் ஒன்று.
குறிவிளக்கப் பெட்டி விரிந்து
பாதி மாவட்டத்தை மூடியது.
அதை மூடும் பெருக்கல் குறி
திரைக்கு வெளியே எங்கோ இருந்தது.

தேடல் பெட்டியில் ஒற்றை விரலால் தட்டினார்: மௌராக் கிணறு.
ஊரே அப்படித்தான் சொல்லும்.
முடிவுகள் எதுவும் இல்லை.
தரவுத்தளத்தில் அதன் பெயர் நீ.தொ. 1147.
எனக்குத் தெரியும்.
பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி தட்டினார். வட்டம் சுழன்றது.
சுழன்றது.
பிறகு திரை முழுக்க நீலம்.
மலை இல்லை, சாலை இல்லை, போர்ச்சுகலே இல்லை.
அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யம்:
முகவரி தொலைத்த கேள்விகளெல்லாம் போய் விழும்
ஆப்பிரிக்காவின் அக்குளில் ஒரு கடல்.

நாற்காலி குலுங்கச் சிரித்தார் பெல்மிரு.
"தண்ணீர் கேட்டேன், கொடுத்துவிட்டது!
குழாய்தான் கொஞ்சம் நீளமாக வேண்டும்."
நானும் சிரித்தேன்.
சிரிப்பைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

அப்போதுதான் சங்கு ஊதியது.

படிகளில் பூட்ஸ் ஓசை, கீழே கதவு, லாரி.
ஜன்னலில், யூகலிப்டஸ் மேட்டுக்கு அப்பால்,
கழுநீர் நிறத்தில் புகை எழுந்தது.
திரையின் மூலையில் சின்ன எழுத்து:
கடைசியாகப் புதுப்பித்தது இன்று காலை ஆறு மணி.
அந்த மேடு அதில் இன்னும் பச்சையாக இருந்தது.

யாரும் பார்க்காதபோது
மூன்றாவது பணியை நானே செய்துபார்த்தேன்.
அந்த அடுக்குகளில் சிலவற்றுக்குப் பெயர் வைத்தவள் நான்.
கண்டுபிடிக்க ஏழு நிமிடம் ஆனது.

இரவு இரண்டு மணிக்குத் திரும்பினார்கள்.
ஒட்டீலியா ஒரு பூட்ஸைக் கழற்றியவாறே தூங்கிப்போனாள்.
பெல்மிரு நின்றபடி ரொட்டி தின்றார்.
"மௌராவில் பாதித் தண்ணீர்தான். அடியில் ஒரு செத்த ஆடு."
இதைச் சொல்லிவைக்க
என் வரைபடத்தில் ஒரு கட்டமும் இல்லை.

போகும் வழியில் டேப்லெட்டை எட்டிப் பார்த்தார்.
"இன்னும் கடலில்தான் கிடக்கிறதா?"
தொட்டார். போய்விட்டார்.

கண்ணாடிமேல் கரிரேகை.
கூட்டல், கழித்தல், போர்வை,
அச்சிடு என்ற பொத்தானில் பாதி,
எல்லாம் ஒரே விரலின் கீழ்.
துடைக்கத் துணி எடுத்தேன். கீழே வைத்தேன்.
அளவுகோலை வைத்துப் பார்த்தேன்:
பத்தொன்பது மில்லிமீட்டர்.
நம் பொத்தான் ஏழு.

கடிகாரத்தை நிறுத்த மறந்திருந்தேன்.
பதினோரு மணி நேரம், நான்கு நிமிடம்.
எடுத்துக்கொண்ட நேரம் என்ற பத்தியில்
அதையே எழுதினேன்.